ஏணி நியூஸ்

எங்கள் வீட்டில் படம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வந்தால் அவர் டிவியைப் பார்க்க மாட்டார், எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரைத் திருகியபடி, "இப்ப எப்படிங்க?" என்று கேட்பார். நாங்கள் வாய் திறப்பதற்குள் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வந்துருச்சு" என்று திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அம்மா, "ஆமா தம்பி, தெளிவா இருக்கு" என்பாள். எட்டி ஒரு நொடி அந்தத் திரையைப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பூதலூருக்கு அந்தப் பக்கம் நாலைந்து ஊர்களுக்கு அவர்தான் கேபிள்காரர். எங்களுக்கு உறவு ஒன்றும் கிடையாது. அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் அம்மா அவருக்கு அண்ணி ஆனாள், அவர் எனக்குச் சித்தப்பா ஆனார். பெயரை எழுத மனம் வரவில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஆறு மாதம் முன்பு அவர் இறந்துபோனார். அம்மா போய்விட்டு வந்து போனில் என்னிடம் அழுதாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை.

அவரிடம் ஒரு மொபெட்டும் ஒரு மூங்கில் ஏணியும் இருந்தன. ஏணியை மொபெட்டின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு வருவார். தெரு முனையில் திரும்பும்போது யார் வீட்டு வேலியையாவது இடிக்காமல் திரும்பியதில்லை. "ஏணி வருது, ஒதுங்கு" என்று கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது மட்டும் பேச்சு கிடையாது. இறங்கியதும், யாரும் கேட்காமலேயே, "லைன் ப்ராப்ளம்ங்க" என்பார்.

அந்த லைன் ப்ராப்ளம் இரண்டு வகை. நிஜமாகவே வயர் அறுந்திருந்தால் நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். மேலே இருந்து போன் வந்து ஒரு சேனலை எடுத்திருந்தால் ஏணியைப் பார்த்துச் சொல்வார். ஊரில் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று அவருக்கே தெரியாது. தஞ்சாவூரில் இவருக்கு சிக்னல் கொடுக்கிறவர் போன் செய்வார். அவருக்கு வேறு யாரோ செய்திருப்பார்கள். "அந்தச் சேனலை எடுத்துருப்பா" என்பதோடு சரி, காரணம் கிடையாது. ஆட்சி மாறினால் எடுக்க வேண்டிய சேனலும் மாறும். நேற்று வரை காட்டியே ஆக வேண்டும் என்று மிரட்டிய சேனலை இன்று காட்டினால் தொலைத்துவிடுவோம் என்பார்கள்.

"முடியாதுன்னு சொன்னா என்ன சித்தப்பா பண்ணுவாங்க?" என்று ஒரு முறை கேட்டேன். அப்போது நான் தஞ்சாவூர் காலேஜில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தைத் திருத்தும் உத்தேசம் நிறையவே இருந்தது.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க பாப்பா. நம்ம வயர் கரண்டு கம்பத்துல போவுது. கம்பம் கவர்மெண்டுது. காலைல பாத்தா வயர் கீழ கெடக்கும், அவ்வளவுதான்."

ஆனால் எடுத்ததோடு அவர் விட மாட்டார். ஊருக்குப் போகும் வயரில்தான் அந்தச் சேனல் இருக்காது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மாடியில் இருந்த அவருடைய கண்ட்ரோல் ரூமில், டிஷ் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மத்தியானம் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்ப்பார். சாயங்காலம் ஏணியோடு கிளம்பி, வயரைச் சோதிக்கிற சாக்கில் வாசல் வாசலாக நின்று, அதில் வந்ததை எல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போவார். முதலில் தலைப்புச் செய்தி, அப்புறம் விவரம், கடைசியில் வானிலைகூட உண்டு. ஊரில் இதற்கு ஏணி நியூஸ் என்று பெயர். சொல்லி முடித்ததும், "நான் ஒண்ணும் சொல்லலீங்க, லைன் செக் பண்ணத்தான் வந்தேன்" என்பார்.

ஒரு வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் ஊர் ஆட்கள் மெயின் ரோட்டில் மறியல் செய்தார்கள். கேமராக்கள் வந்தன. எல்லோரும் அவசரமாக வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால், மறியலைக் காட்டிய சேனலைக் காணோம். அன்று சாயங்காலம் சித்தப்பாவைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் கூட்டம்.

"நான் வந்தேனா?"

"வந்தீங்க. ரெண்டாவது வரிசை. துண்டை ஒதறித் தோள்ல போட்டீங்க."

"நான்?"

"ஒங்க முதுகு வந்துச்சு மாமா. முழு முதுகும் வந்துச்சு."

தாங்கள் செய்ததையே இன்னொருவர் வாயால் கேட்டு முகம் மலர்ந்து நின்றார்கள் அந்தப் பெரிய மனிதர்கள். அதே நேரம் எங்கள் வீட்டுக்குள் ஆளுங்கட்சி ஆட்களின் சேனல், எங்கள் வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வாய்க்கால்தான், மதகு தெரிந்தது. மதகை ஒட்டி ஒரு பூவரச மரமும் தெரிந்தது. "அந்த மரத்தை வெட்டி ரெண்டு வருஷம் ஆச்சே" என்று சித்தப்பாதான் சொன்னார். வாசலில் வாய்க்கால் வெடித்துக் கிடக்க, உள்ளே என்றைக்கோ போன தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

ஏணி நியூஸ் ஒரே ஒரு தடவை தப்பாகப் போனது. வெளியூரில் ஒரு மில்லில் தீ விபத்து. கீழத்தெருவில் ஒரு அம்மாவிடம், உங்கள் மகன் வேலை பார்க்கிற மில்தான் என்று சொல்லிவிட்டார். அது வேறு மில். மகன் மறுநாள் பஸ்ஸில் வந்து சிரித்துக்கொண்டே இறங்கினான். அதற்குள் அந்த அம்மாவுக்கு அதிர்ச்சியில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பிறகு இடது கை சரியாக வரவே இல்லை. அந்த மகன் சண்டைக்குக்கூட வரவில்லை. சித்தப்பாதான் ஒரு வாரம் ஏணியைத் தொடாமல் கிடந்தார். "இனிமே உறுதியாவாம வாயைத் தொறக்க மாட்டேண்ணே" என்று அப்பாவிடம் போனில் சொன்னாராம்.

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் ஒருத்தராவது வெளிநாட்டில் இருப்பார்கள். லீவில் வருகிறவர்களிடம் ஊர் என்னென்னவோ கேட்கும். சித்தப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அங்க டிவில எதைக் காட்ட மாட்டாங்க?"

அவர் சேர்த்து வைத்திருந்த பதில்களை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்வார். நாட்டுப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அங்கெல்லாம் இன்னும் நம் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு நாட்டில் செய்தி ராஜாவோடுதான் தொடங்கும். ஊரே இடிந்து விழுந்தாலும் அவர் வந்த விருந்தாளிகளுக்குக் கை கொடுத்து முடித்த பிறகுதான் மற்றது. இன்னொரு நாட்டில் எல்லாம் சுத்தம், தேர்தல் உண்டு, எதிர்க்கட்சி உண்டு. ஆனால் எதிர்க்கட்சிக்காரர் டிவியில் வரும்போதெல்லாம் தும்மிக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ இருப்பார். வேறொரு நாட்டில் ஒரே செய்தியை மூன்று பாஷையில் வாசிப்பார்கள், மூன்று பாஷையும் தெரிந்தவனுக்கு அது மூன்று செய்தி. ரொம்பப் பணக்கார நாடு ஒன்றில் இருந்து வந்த இன்ஜினீயர், "எங்க நாட்டுல அப்படில்லாம் தடையே கிடையாது. யாருக்கு எது புடிக்குமோ அதை மட்டும் காட்டுற சேனல் தனித்தனியா இருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். சித்தப்பா, "அப்ப அங்க போன் போடுற செலவுகூட இல்ல" என்றார். இன்ஜினீயருக்குப் புரியவில்லை.

என் அப்பா வளைகுடாவில் ஒரு கம்பெனியில் பஸ் டிரைவர். தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் இருந்து ஆட்களை வேலைக்கு ஏற்றிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். முன்பு இங்கே குத்தகைக்கு நிலம் பார்த்தவர்தான். தண்ணீர் பொய்த்த இரண்டு வருஷத்தில் அதை விட்டுவிட்டுப் போனார். லீவில் வந்தால் பாதி நாள் சித்தப்பாவின் கண்ட்ரோல் ரூமில்தான் இருப்பார். டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது அப்பா அவரிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

"ஒரு ஆளு கட்டடத்துலேர்ந்து விழுந்து செத்துப் போயிட்டான்டா. என் பஸ்ஸுல தெனம் வர்றவன். ஆம்புலன்ஸ் சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு. அன்னிக்கி நியூஸ்ல அந்தக் கட்டடத்தையே காட்டுனாங்க, எவ்வளவு ஒசரம்னு."

"அவனைக் காட்டலையா?"

"எங்களைத்தான்டா காட்ட மாட்டாங்க. ரோட்டைக் காட்டுவாங்க, பாலத்தைக் காட்டுவாங்க. அங்க போய்ப் பாத்தா நாங்கதான் இருப்போம். டிவில பாத்தா ஒருத்தனும் இருக்க மாட்டான்."

சித்தப்பா விடாமல் கேட்பார். கேம்புக்கு என்ன நம்பர், எத்தனை பிளாக், டிவி எந்த ஹாலில் இருக்கிறது, அதில் தமிழ்ச் சேனல் வருமா. அப்பாவும் அலுக்காமல் சொல்வார். அம்மாவுக்கும் எனக்கும் அப்பா இருந்த கேம்பின் நம்பர் தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை காலை போன் வரும், அது போதும் எங்களுக்கு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி இருக்கும். டிவி திடீரென்று போய்விட்டது. எட்டிப் பார்த்தால் சித்தப்பா எங்கள் தெருக் கம்பத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கையில், கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி.

"எரிஞ்சு போச்சு அண்ணி. புதுசு வரணும். மூணு நாலு நாளாவும்."

ஏணியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். சரி, மேலே இருந்து போன் வந்திருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். ஒரு சேனலை எடுக்கச் சொன்னால் ஒரு தெருவையே ஏன் எடுக்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் வந்து சொல்லாமலா போய்விடுவார் என்று இருந்துவிட்டோம். சாயங்காலம் அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

அந்த நாலு நாளை நான் எத்தனை தடவை திரும்ப நடந்து பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அம்மா டிவியை அணைக்கவே இல்லை. லைன் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று, வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கிற அந்தத் திரையை ஓடவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினாள், அரிசியில் கல் பொறுக்கினாள். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தாள். சீரியலில் அந்த மருமகள் என்ன ஆனாளோ என்று கவலைப்பட்டாள். நான் அவளைக் கேலி செய்தேன். நாங்கள் இருவரும் நன்றாகச் சிரித்தோம், நன்றாகச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை, நான் காலேஜுக்கு ரயிலேறக் கிளம்பும் நேரம், சித்தப்பா ஏணியோடு வந்தார்.

"அண்ணி, டிஷ் ஆபீஸ்ல அட்ரஸ் ப்ரூப் கேக்குறாங்க. அண்ணனோட பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

"பாஸ்போர்ட் எதுக்கு தம்பி? அது பொட்டியில எங்கயோ அடில கெடக்கு. இந்தா, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கு. அதுலயும் அட்ரஸ்தானே?"

"இல்ல அண்ணி, பாஸ்போர்ட்டுன்னா..."

"ஏன், ரேஷன் கார்டு செல்லாதா?"

அவர் ஏணியைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "கேபிளுக்கு இனிமே விசாவும் கேப்பாங்களா சித்தப்பா?" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தார். ரேஷன் கார்டு ஜெராக்ஸை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் நடந்து வந்தார். மொபெட் இல்லை, ஏணி இல்லை. அம்மா வாசலில் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். "லைன் வந்துருச்சா தம்பி?" என்று கேட்டபடி நிமிர்ந்தவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் அவருக்குப் பின்னால் பார்த்தாள். ஏணி இல்லாமல் அவரை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. முறம் கையில் இருந்து நழுவியது.

"வேணாம் தம்பி. சொல்லாதீங்க" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அப்பாவின் கேம்பில் தீப்பிடித்திருக்கிறது. அங்கே இருந்து யாரோ போனில் எடுத்து அனுப்பிய படத்தை ஒரே ஒரு தமிழ்ச் சேனல் காட்டியிருக்கிறது. கேம்பின் நம்பர் பலகையைப் பார்த்ததும் ஓடிவந்து எங்கள் தெரு லைனைப் பிடுங்கியிருக்கிறார். திங்கட்கிழமை அந்தச் சேனலையே எடுக்கச் சொல்லி மேலே இருந்து போன் வந்ததாம். நம் அரசாங்கம் கைகட்டி நிற்கிறது என்று அது சொல்லிவிட்டதாம். அந்த நாட்டு டிவியில் அந்தத் தீ இன்று வரை வரவில்லை.

"அண்ணன் ஒடனே போயிட்டாரு அண்ணி. தூக்கத்துலயே. வலி தெரிஞ்சிருக்காது. பேரு தெரியாதவங்க எல்லாரையும் நேத்தே அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

"நாலு நாளா ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"உறுதியாவட்டும்னு..."

எனக்கு அடிக்கக் கை வந்தது. அம்மாதான் குறுக்கே வந்தாள்.

அன்றில் இருந்து எங்கள் வீடு இரண்டு கட்சி. அம்மா அவரை மன்னித்துவிட்டாள் என்பதுகூடச் சரியில்லை, அவளுக்கு மன்னிக்க ஒன்றுமே தோன்றவில்லை. "ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? போன உசுரு போனதுதான். எல்லாருக்கும் ஞாயித்துக்கெழமை செத்த மனுசன், எனக்கு மட்டும் புதன்கெழமை வரைக்கும் இருந்தாரு. அந்தத் தம்பி குடுத்த நாலு நாளு அது" என்பாள். நல்லது கெட்டதுக்கு அவருக்குத்தான் முதல் தாக்கல் சொல்லி அனுப்புவாள். நான் அவர் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். சித்தப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை, அதனால் பேச்சே நின்றது. எங்கள் வீட்டுச் செய்தியை எங்களுக்கு எப்போது காட்டுவது என்று முடிவு செய்ய இவர் யார் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கோபம்தான் என்னைப் பத்திரிகைப் படிப்புக்குக் கொண்டுபோனது.

இப்போது சென்னையில் ஒரு செய்திச் சேனலில் வேலை. திரையின் அடியில் ஓடுகிறதே வரி, அதை எழுதுகிற மேஜை என்னுடையது. எனக்கும் போன் வரும். "அந்த வரி வேணாம், இன்னும் உறுதியாகல" என்பார்கள். எடுத்துவிடுவேன். வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளை படிக்கிறாள். வேறு எதையும் சொல்லி என்னை அழகுபடுத்திக்கொள்ள விரும்பவில்லை.

போன வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, ஆபீஸ் வாசலில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கீழ்வேளூர்க்காரர். அப்பாவோடு அதே கேம்பில் வேறு பிளாக்கில் இருந்தவர். அந்த நாட்டை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்திருந்தார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் சொன்னார்.

"அடக்கம் முடிஞ்சதும், அங்க இருக்குற வரைக்கும் பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கம்மா. இப்பதான் சொல்ல முடியுது. அண்ணன் ஒடனே போவல. வேன்ல ஏத்துனப்ப என் கையைப் புடிச்சாரு. செவ்வாக்கெழமை மத்தியானம் வரைக்கும் ஆஸ்பத்திரியில இருந்தாரு."

எனக்கு எதிரே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"எங்களை உள்ள விடல. ஜன்னல் வழியாப் பாத்தேன். கட்டில்ல பேரு இல்ல, நம்பர்தான். நாங்க பேரு சொன்னா எழுத மாட்டேன்றாங்க. ஊர்லேர்ந்து ரத்த சொந்தம் பாஸ்போர்ட் காப்பி, போட்டோ அனுப்பணும், அப்பதான் பேரு எழுதுவோம், உள்ள விடுவோம், போன்ல பேச விடுவோம்னாங்க. வராண்டாவுல டிவி ஓடுது, ஒட்டகப் பந்தயம். வாசல்ல நாங்க கூட்டமா நிக்குறோம். ஒங்க ஊரு கேபிள்காரரு ஞாயித்துக்கெழமை சாயங்காலமே தேடிப் புடிச்சுப் போன் போட்டாரு, அவருகிட்ட இதெல்லாம் சொன்னேன். ஏதோ ஒரு காயிதம் ஃபேக்ஸ் வந்துச்சு. தமிழ்ல இருந்துச்சு. செல்லாதுன்னு போட்டுட்டாங்க."

"பாஸ்போர்ட் காப்பி போயிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"பொழைச்சிருக்க மாட்டாரும்மா. அவ்வளவு வெந்துருச்சு. ஆனா காதுல போனை வச்சிருப்பேன். ஒங்க கொரலு கேட்டிருக்கும்."

மடித்துச் சட்டைப் பையில் வைத்த அந்தக் காகிதமும், செருப்பை மாட்டிக்கொண்டே நான் அடித்த கேலியும் அப்போதுதான் எனக்கு விளங்கின. பெட்டியின் அடியில்தான் இருந்தது பாஸ்போர்ட் ஜெராக்ஸ். எடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனதும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே அவரிடம் போனேன். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு எல்லாம் சென்னையில் இருந்தே நடக்கிறது. ஒரு சேனலை எடுக்க அவருக்குப் போன் செய்ய வேண்டிய தேவைகூட யாருக்கும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் மகன் வைத்திருந்த உரக்கடையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். இத்தனை வருஷம் கழித்து நானாக வந்து நின்றது எதற்கு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"யாரு சொன்னா? கீழ்வேளூர் ஆளா?"

"அப்பா உசுரோட இருந்தது ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பாஸ்போர்ட் கேட்டீங்களே, எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா பொட்டியையே கவுத்திருப்பாங்களே."

"வாசப்படி ஏறுறப்ப சொல்லிரணும்னுதான் ஏறுனேன். அண்ணியோட மொகத்தைப் பாத்தேன். கீழத்தெரு அம்மாவோட கை ஞாபகம் வந்துருச்சு. பொழைச்சிருவாருன்னு நெனச்சேன் பாப்பா. பொழைச்ச சேதியோடதான் ஒங்க வீட்டுக்கு வரணும்னு நெனச்சேன். மேலேர்ந்து போன் வர்றப்பல்லாம், ஜனங்க எதைப் பாக்கலாம்னு சொல்ல இவனுங்க யாருன்னு திட்டுவேன். ஒங்க வீட்டுக்கு நானே அதைப் பண்ணிட்டேன்."

திட்டுவதற்கு ரயிலில் ஆறு மணி நேரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் அவரே சொல்லிவிட்டார்.

"அண்ணிகிட்ட சொல்லிரும்மா. நீயாவது சொல்லு. நான் வந்து வாசல்ல நிக்கிறேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன். இதை வச்சுக்கிட்டு என்னால சாக முடியாது."

சொல்கிறேன் என்றுதான் கிளம்பினேன். தெரு நெடுக மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே நடந்தேன். முதலில் கீழ்வேளூர்க்காரர் வந்ததைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் என்று நினைக்கும் இடத்தில் கால் நின்றது. பெட்டியின் அடியில் கிடக்கு என்று சொன்னது அம்மா. ரேஷன் கார்டு செல்லாதா என்று கேட்டதும் அம்மா.

அவள் அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் நான் வாசற்படியில் நின்றேன்.

"எங்கடி இவ்வளவு நேரம்? ரயிலு எப்பவோ போயிருச்சே."

"உரக்கடைக்குப் போயிருந்தேன்."

அவள் கை நின்றது. பிறகு முகம் அப்படியே விரிந்தது. இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது இதற்குத்தான் என்று தெரிந்தது. "பேசிட்டியா? தம்பிகிட்ட பேசிட்டியா?" என்று எழுந்து வந்து என் கன்னத்தை மாவுக் கையால் பிடித்துக்கொண்டாள். "இனிமேயாவது விடுடி. அந்த நாலு நாளு நாம சிரிச்சுக்கிட்டு இருந்தோமேன்னு ஒனக்கு ஆத்திரம். எனக்கு அப்படி இல்ல. அவரு என்னைக் கூப்புட்டு, நான் போவாம இருந்திருந்தாத்தான் என்னால தாங்க முடியாது. தூக்கத்துலயே போன மனுசன் யாரைக் கூப்புட்டிருக்கப் போறாரு? சொல்லு, ஒடனே போயிட்டாருதானே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "ஒடனே போயிட்டாரு."